விருந்தாளியின் செருப்பு

  

இன்றைய பேச்சு விருந்தாளிகளைப் பற்றியது.

மூன்று நாள் சேர்ந்தாற்போல விடுமுறை வருகிறது. ஊரிலிருந்து சிநேகிதர் போன் செய்கிறார். "நாங்க நாலு பேரும் உங்க ஊருக்கு வர்றோம்" என்கிறார். கேட்டவுடன் மனம் மகிழ்கிறது. போனை வைத்தவுடன் கவலை பிடித்துக் கொள்கிறது. எங்கே படுக்க வைப்பது? என்ன சமைத்துப் போடுவது? பணத்துக்கு யாரிடம் போவது?

பெரிய நகரத்தில் பிழைப்பவர்களுக்கு இந்தக் கவலை இன்னும் அதிகம். வீடு சிறியது. தண்ணீர் நேரம் பார்த்து வரும். கறிவேப்பிலைக்கும் காசு கொடுக்க வேண்டும்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று பழமொழி சொல்கிறோம். வந்தவர் மூன்று நாளில் போய்விடுவார். விருந்துக்காக வாங்கிய கடன் மூன்று நாளில் போகுமா? வட்டியோடு வீட்டிலேயே தங்கிவிடும்.

அப்படியானால் விருந்தாளியே வேண்டாம் என்று சொல்வதா? அதுவும் சரியில்லை. கடன் படாமல், முகம் வாடாமல் விருந்தாளியைக் கவனிக்க வழி உண்டா? உண்டு. அதை ஒரு நகரம் ஆண்டுதோறும் செய்து காட்டுகிறது. அந்த நகரத்தின் பெயர் புனே. நம் பெரியவர்கள் பூனா என்று சொல்வார்கள்.

புனே மகாராஷ்டிர மாநிலத்தில் உள்ளது. மும்பையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தூரம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்த நகரத்தின் மக்கள் தொகை 31 லட்சம். தொழிற்சாலைகளும் கல்லூரிகளும் நிறைந்த ஊர். பிழைப்புக்காகப் போன தமிழ்க் குடும்பங்களும் அங்கே பல தலைமுறையாக வாழ்கின்றன.

புனேவுக்குப் பக்கத்தில் ஆளந்தி, தேஹு என்று இரண்டு சிற்றூர்கள் உள்ளன. ஆளந்தி ஞானேஸ்வரரின் ஊர். தேஹு துக்காராமின் ஊர். இருவரும் மராத்தி மொழியில் பாடிய அடியார்கள். ஞானேஸ்வரர் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். துக்காராம் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். ஆண்டுதோறும் ஆனி, ஆடி மாத வாக்கில் இவர்களுடைய பாதுகைகளைப் பல்லக்கில் வைத்துப் பண்டரிபுரத்துக்குக் கொண்டு போகிறார்கள். சுமார் 250 கிலோமீட்டர் தூரம். கிட்டத்தட்ட மூன்று வாரப் பயணம். பல்லக்கோடு லட்சக்கணக்கான மக்கள் நடந்தே போகிறார்கள். நம் ஊரில் பழனிக்கு நடந்து போகிறார்களே, அது போல.

நடந்து போகிறவர்களை வார்க்கரிகள் என்று சொல்கிறார்கள். பெரும்பாலும் விவசாயிகள். பெண்கள் தலையில் துளசி மாடத்தை வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். எழுபது வயதுக் கிழவியும் நடக்கிறார்.

இரண்டு பல்லக்குகளும் புனே நகருக்கு வருகின்றன. ஒன்று பவானி பேட்டையில் ஒரு கோயிலில் தங்கும். மற்றொன்று நானா பேட்டையில் ஒரு கோயிலில் தங்கும். இரண்டு இரவு தங்கிவிட்டுப் புறப்படும். அந்த இரண்டு இரவும் கூட வந்த மக்கள் எல்லோரும் புனேவின் விருந்தாளிகள்.

யோசித்துப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு நான்கு பேர் வந்தாலே நாம் திண்டாடுகிறோம். லட்சக்கணக்கில் வந்தால்?

புனே மக்கள் திண்டாடுவதில்லை. காரணம் என்ன?

முதல் காரணம், என்றைக்கு வருகிறார்கள் என்று முன்கூட்டியே தெரியும். மாநகராட்சி தண்ணீர் லாரிகளையும் கழிப்பறைகளையும் மருத்துவர்களையும் ஏற்பாடு செய்து வைக்கிறது. பள்ளிக்கூடங்களும் மண்டபங்களும் திறந்து விடப்படுகின்றன. பல வீடுகளில் வாசலும் திண்ணையும் படுக்க இடமாகின்றன.

இரண்டாவது காரணம், விருந்தாளிகளும் வெறுங்கையோடு வருவதில்லை. வார்க்கரிகள் குழுக்குழுவாக நடக்கிறார்கள். ஒரு குழுவுக்குத் திண்டி என்று பெயர். திண்டியோடு லாரி வரும். பாத்திரம், தானியம், கூடாரம் எல்லாம் அதில் இருக்கும். பாதிச் சுமையை விருந்தாளியே சுமக்கிறார்.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. புனேயில் ஒவ்வொருவரும் தம் கைக்குத் தெரிந்ததைக் கொடுக்கிறார்கள். முடி திருத்தும் தொழிலாளி காசு வாங்காமல் முகச்சவரம் செய்கிறார். மருத்துவர் காய்ச்சலுக்கு மருந்து தருகிறார். இளைஞர்கள் முதியவர்களின் காலைப் பிடித்து விடுகிறார்கள். செருப்புத் தைக்கும் தொழிலாளி சாலை ஓரத்தில் உட்காருகிறார். வருகிறவர்களின் பிய்ந்த செருப்பை வாங்கித் தைத்துக் கொடுக்கிறார். காசு வாங்குவதில்லை.

இந்தச் செருப்பை மறந்துவிடாதீர்கள். நடந்து போகிறவருக்கு இன்னும் இருநூறு கிலோமீட்டர் பாக்கி இருக்கிறது. அவருக்கு வயிறாரச் சாப்பாடு போடலாம். ஆனால் செருப்பு பிய்ந்து கிடந்தால் நாளைக்கு எப்படி நடப்பார்? வந்தவருக்கு என்ன தேவை என்று பார்ப்பதுதான் உபசாரம். நம் பெருமையைக் காட்டுவது உபசாரம் ஆகாது.

சாப்பாட்டிலும் இதைப் பார்க்கலாம். புனேவைத் தாண்டினால், துக்காராம் பல்லக்கு போகும் வழியில் யவத் என்ற ஊர் வருகிறது. அந்த ஊர் மக்கள் கூட்டம் முழுவதற்கும் பாக்கரியும் பிட்லாவும் போடுகிறார்கள். பாக்கரி என்பது சோள ரொட்டி. பிட்லா என்பது கடலை மாவில் செய்யும் குழம்பு. ஏழை வீட்டில் தினமும் சாப்பிடுவதுதான். அதைச் சாப்பிட்டு யாரும் குறை சொல்வதில்லை.

2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் கொரோனா நோய் பரவியது. மக்கள் நடந்து போக முடியவில்லை. பாதுகைகளைப் பேருந்தில் கொண்டு போனார்கள். 2022ஆம் ஆண்டு மறுபடியும் நடைப்பயணம் தொடங்கியது. புனேவும் மறுபடியும் வாசலைத் திறந்தது.

ஊர் கூடித் தேர் இழுப்பது சரி. ஒரே ஒரு வீடு என்ன செய்துவிட முடியும் என்று கேட்கலாம். அதற்கும் புனேயில் ஒரு பதில் இருக்கிறது. இது நடந்து 170 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

ஜோதிராவ் பூலே என்பவர் புனேயில் வாழ்ந்தார். அவர் மனைவி சாவித்திரிபாய். 1848ஆம் ஆண்டு பூலே பெண்களுக்காக ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். சாவித்திரிபாய் அங்கே ஆசிரியர் ஆனார். பெண்கள் படிக்கக் கூடாது என்று ஊரில் பலர் எதிர்த்தார்கள். பூலேயின் தந்தைக்கும் நெருக்கடி வந்தது. பள்ளியை விடு, இல்லாவிட்டால் வீட்டை விடு என்ற நிலை. 1849இல் கணவனும் மனைவியும் வீட்டை விட்டு வெளியேறினார்கள்.

அப்போது அவர்களுக்கு இடம் கொடுத்தவர் சிநேகிதர் உஸ்மான் ஷேக். அவர் முஸ்லிம். ஊரே எதிர்க்கும் இருவரை வீட்டில் வைத்துக் கொண்டார். பாத்திமா ஷேக் என்ற பெண் சாவித்திரிபாயோடு சேர்ந்து பள்ளி வேலையில் ஈடுபட்டார். 1856இல் சாவித்திரிபாய் உடல்நலம் இல்லாமல் பிறந்த வீட்டில் இருந்தார். அங்கிருந்து கணவருக்குக் கடிதம் எழுதினார். நான் இல்லாததால் பாத்திமாவுக்குக் கஷ்டம் அதிகமாக இருக்குமே என்று அதில் வருத்தப்பட்டார்.

உஸ்மான் ஷேக் கொடுத்தது தங்க ஓர் இடம். அந்த நேரத்தில் அவர்களுக்குத் தேவைப்பட்டதும் அதுதான். அது கிடைத்ததால் பள்ளி வேலை நிற்கவில்லை. ஒரு காலத்தில் இடம் இல்லாமல் நின்ற பூலே, 1868ஆம் ஆண்டு தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் திறந்து விட்டார். மற்றவர்கள் அவர்களைத் தண்ணீர் எடுக்க விடாத காலம் அது. பெற்றவர் கொடுப்பவர் ஆனார்.

இனி நம்மைப் போன்றவர்களின் வீட்டுக்கு வருவோம்.

விழுப்புரம் பக்கத்திலிருந்து புனேவுக்குப் போன ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவர் கொத்தனார். மனைவி சித்தாள். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. இரண்டு குழந்தைகள். ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை வருகிறது. சனி, ஞாயிறும் சேர்ந்து மூன்று நாள். ஊரிலிருந்து சிநேகிதர் குடும்பத்தோடு வருவதாகப் போன் வந்தது. அவர் கம்பி கட்டும் வேலை செய்கிறவர். இரண்டு பேரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள்.

கணவர் சொன்னார்: "முதல் தடவையா வர்றான். நல்லா கவனிக்கணும். ஓட்டல்ல ரூம் போடலாம். உன் கம்மலை வச்சா பணம் கிடைக்கும்."

மனைவி உடனே பதில் சொல்லவில்லை. பிள்ளையின் பழைய நோட்டை எடுத்தார். ரூம் வாடகை, ஆட்டோ, ஓட்டல் சாப்பாடு என்று ஒவ்வொன்றாக எழுதினார். கூட்டிப் பார்த்தார். நோட்டைக் கணவர் பக்கம் திருப்பினார்.

"ஏங்க, இதைப் பாருங்க. கம்மலை மீட்க தீபாவளி வந்துடும். அதுவரைக்கும் வட்டி கட்டணும். மூணு நாள் சந்தோஷத்துக்கு மூணு மாசம் அழணுமா?"

பிறகு சிநேகிதரின் மனைவிக்குப் போன் போட்டார். எதையும் மறைக்கவில்லை.

"அக்கா, எங்க வீடு ஒத்த ரூம்தான். தண்ணி காலையில ஒரு மணி நேரம்தான் வரும். இருக்கிறதை வச்சுப் பாத்துக்கலாம். நீங்க என்னென்ன பாக்கணும்னு ஆசைப்படுறீங்க? சொல்லுங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. பிறகு அக்கா மெதுவாகச் சொன்னார்: "ஊரைப் பாக்க வரலம்மா. உங்க அண்ணனுக்கு ரெண்டு மாசமா சரியா வேலை இல்ல. அங்க ஏதாவது கிடைக்குமான்னு பாக்கத்தான். சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு, லீவுக்கு வர்றோம்னு சொல்லிட்டாரு. நாங்க அரிசியும் போர்வையும் எடுத்துக்கிட்டு வர்றோம். நீ ஒண்ணும் கஷ்டப்படாத."

பார்த்தீர்களா? கேட்காமல் இருந்தால் என்ன நடந்திருக்கும்? கம்மல் அடகுக் கடைக்குப் போயிருக்கும். மூன்று நாளும் ஊர் சுற்றியிருப்பார்கள். வந்தவர் மனதில் இருந்ததைச் சொல்லாமலே ரயில் ஏறியிருப்பார். செருப்பு பிய்ந்தது பிய்ந்தபடியே இருந்திருக்கும்.

கேட்டதால் வேலை சுலபம் ஆனது. வெள்ளிக்கிழமை வந்தார்கள். சாம்பாரும் கருவாட்டுத் தொக்கும் போதுமாக இருந்தது. இரவில் பெண்களும் குழந்தைகளும் அறையில் படுத்தார்கள். ஆண்கள் பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தில் படுத்தார்கள். பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மா ஒரு பாயும் கொடுத்தார்.

சனிக்கிழமை காலையில் இரண்டு ஆண்களும் மேஸ்திரியைப் பார்க்கப் போனார்கள். கம்பி வேலைக்கு என்ன கூலி என்று கேட்டார்கள். மழைக்காலத்தில் எத்தனை நாள் வேலை நிற்கும் என்றும் கேட்டார்கள். அன்று இரவு நான்கு பேரும் அதே நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கூலியை ஒரு பக்கம் எழுதினார்கள். வாடகை, சாப்பாடு, ரயில் செலவை மறுபக்கம் எழுதினார்கள். குடும்பத்தோடு வந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது என்று தெரிந்தது. அவர் மட்டும் மழை முடிந்ததும் வரட்டும், குழந்தைகளின் படிப்பு ஊரிலேயே நடக்கட்டும் என்று முடிவு செய்தார்கள்.

சித்தாள் தங்கை இன்னொன்றும் சொன்னார். கட்டடத் தொழிலாளர்களுக்கு 1996ஆம் ஆண்டு மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. 18 வயது முதல் 60 வயதுக்குள் இருக்க வேண்டும். ஓர் ஆண்டில் 90 நாளாவது கட்டட வேலை செய்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யலாம். "அண்ணே, வேலை செஞ்ச நாளை எல்லாம் ஒரு நோட்டுல எழுதி வச்சுக்குங்க. யார்கிட்ட செஞ்சீங்கன்னும் எழுதுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஊரைப் பார்க்கப் போனார்கள். பேருந்தில் ஆகாகான் மாளிகைக்குப் போனார்கள். 1942ஆம் ஆண்டு காந்தியையும் கஸ்தூரிபாயையும் வெள்ளையர் சிறை வைத்த இடம் அது. கஸ்தூரிபாய் 1944 பிப்ரவரி 22 அன்று அங்கேயே காலமானார். அவருடைய சமாதியைப் பார்த்தார்கள். மாலையில் பூலே வாழ்ந்த வீட்டைப் பார்த்தார்கள். இப்போது அது நினைவு இல்லமாக உள்ளது. வெளியே வரும்போது அக்கா, தங்கையின் காதைப் பார்த்தார். கம்மல் இருந்தது. அது அடகுக்குப் போக இருந்தது அக்காவுக்குத் தெரியாது. தங்கையும் சொல்லவில்லை.

அன்பர்களே! திருக்குறளில் விருந்தோம்பலுக்கு என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. விருந்தாளியின் முன்னால் முகம் மாறக் கூடாது என்று அதில் வள்ளுவர் சொல்கிறார். கடன் வாங்கி விருந்து வைப்பவரின் முகம் எப்படி மாறாமல் இருக்கும்? மூன்றாம் நாள் கணக்குப் பார்க்கும்போது தானாக மாறிவிடும். அளவோடு செய்கிறவரின் முகம்தான் கடைசி வரை மலர்ந்திருக்கும்.

அதனால் அடுத்த முறை விருந்தாளி வருவதாகச் சொன்னால், நம் வீட்டு நிலையை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவருக்கு என்ன தேவை என்று கேளுங்கள். செலவை எழுதிப் பாருங்கள். நாமே விருந்தாளியாகப் போகும்போதும் நம் பங்குச் சுமையை எடுத்துக்கொண்டு போவோம்.

கடைசியாக ஒரு கேள்வி. உங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்த விருந்தாளி யார்? அவருடைய எந்தச் செருப்பு பிய்ந்திருந்தது? நீங்கள் கவனித்தீர்களா? பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள்.