எஞ்சினைத் தூக்குவதற்கு முன்னால்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம் புளியங்குடிக்கு ரயில் என்றால் பாம்புக்கோவில் சந்தை ஸ்டேஷன்தான். 1927-ல் திறந்த விருதுநகர்–தென்காசி மீட்டர் கேஜ் பாதையில், வெள்ளைச் சட்டையில் கரித்தூள் விழ விழப் பயணம் செய்தவன் நான். பிறகு ஒரு ரயில்வே பட்டறையிலேயே வேலை கிடைத்தது. அங்கே கற்ற ஒரு வேலையைப் பற்றி நாலு வார்த்தை சொல்கிறேன். காட்சிக்கு நிற்கும் பழைய நீராவி எஞ்சினை வேறு ஊருக்குக் கொண்டுபோக எப்படித் தயார் செய்வது?

"ரயில் எஞ்சின்தானே, தண்டவாளத்திலேயே இழுத்துட்டுப் போகலாமே?" என்பீர்கள். பாதை எங்கே இருக்கு? நம் பாதை 2004-ல் அகலப்பாதை ஆகிவிட்டது. செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையும் 2018-ல் மாறிவிட்டது. மீட்டர் கேஜ் என்பது 1,000 மி.மீ.; அகலப்பாதை 1,676 மி.மீ. இன்றும் ஓடுகிற ஊட்டி மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சினுக்கே இதுதான் நிலைமை. அதன் பாதை மேட்டுப்பாளையத்தோடு முடிகிறது. பெரிய பழுது என்றால் திருச்சி பொன்மலைப் பட்டறைக்கு டிரெய்லர் லாரியில்தான் வந்தாக வேண்டும்.

முதலில் கையில் எடுக்க வேண்டியது ஸ்பானர் இல்லை. நோட்டும் டேப்பும் கேமராவும். எஞ்சின் உயரத்தோடு டிரெய்லர் உயரத்தைக் கூட்டி, வழியில் உள்ள பாலம், மின்கம்பி, மரக்கிளை எல்லாம் பார்த்துவிட வேண்டும். பாய்லரிலும் தொட்டியிலும் தண்ணீர் சொட்டு இருக்கக் கூடாது. டெண்டர் தனியாக இருந்தால் கழற்றித் தனி வண்டியில் ஏற்ற வேண்டும். விசில், பிரஷர் கேஜ், பெயர்ப் பலகை எல்லாம் பெட்டிக்குள் போய்விட வேண்டும். பாய்லர் உறைக்குள் கல்நார் இருந்தால் கண்டபடி பிய்க்கக் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். பல வருஷம் நின்ற சக்கரத்தை அப்படியே இழுத்தால் வறண்ட சிலிண்டருக்குள் பிஸ்டன் உராய்ந்து கீறிவிடும். எண்ணெய் விட்டு, கனெக்டிங் ராடைக் கழற்றிய பிறகுதான் வின்ச்.

நம்ம ஊரில் எலுமிச்சை மூட்டைக்குக் கயிறு இறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே சங்கிலி. அதை எஞ்சினின் அடிச்சட்டத்தில் மாட்ட வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கிற குழாயில் அல்ல. ஸ்பிரிங் ஆடாமல் கட்டையும் கொடுக்க வேண்டும்.

ஒருமுறை நான் இடது, வலது ராடுகளின் பித்தளை புஷ்களைக் குறி போடாமல் ஒரே பெட்டியில் போட்டுவிட்டேன். பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் தன் பின்னோடு சேர்ந்து தேய்ந்தது. போய்ச் சேர்ந்த இடத்தில் மாட்டினால் ஒன்றும் பொருந்தவில்லை. மூன்று நாள் வீண். எங்கள் மேஸ்திரி திட்டவில்லை. "எலேய், சுமந்துட்டு வந்தியே, குறிச்சுட்டு வந்தியா?" என்று மட்டும் கேட்டார். இன்றும் காதில் இருக்கிறது.

அன்று அந்தத் தவறைச் சரிசெய்ய அவர் பக்கத்தில் இருந்தார். நீராவி எஞ்சின் ஓட்டிய, பிரித்த கைகள் இப்போது ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருக்கின்றன. நாளைக்கு அந்தப் பெட்டியைத் திறக்கப் போகிறவர் இந்த எஞ்சின் ஓடிப் பார்த்தே இருக்க மாட்டார். அவருக்கு மிஞ்சுவது நாம் போட்ட குறி மட்டுமே.

தம்பி தங்கைகளே, நீங்கள் எந்த வேலைக்குப் போனாலும் சரி, கழற்றுவதற்கு முன் குறித்து வையுங்கள். அடுத்து வருகிறவர் உங்களை வாழ்த்துவார்.