சட்டப் படிப்பும் முதல் தவணையும்



பிள்ளையை வக்கீலுக்குப் படிக்க வைக்க எவ்வளவு ஆகும் என்று பேசின் பிரிட்ஜ், புளியந்தோப்பு, வியாசர்பாடிப் பெற்றோர் கேட்டால், அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவுதான் என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அது பொய்யில்லை. ஆனால் கட்டணம் இந்தச் செலவில் சிறு பகுதி.

1891-ல் தொடங்கிய சென்னை சட்டக் கல்லூரி உயர் நீதிமன்றத்தை ஒட்டியே இருந்தது. வண்ணாரப்பேட்டையில் பீச் ரயில் ஏறினால் ராயபுரம், அடுத்தது பீச் நிலையம். இறங்கி நடந்தால் வகுப்பு. வகுப்பு முடிந்ததும் பாரிமுனையில் ஒரு கடையில் கணக்கு எழுதலாம், ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கலாம். 2008 நவம்பரில் வளாகத்தில் நடந்த மாணவர் மோதலை விசாரித்த நீதிபதி சண்முகம் ஆணையம் கல்லூரியை இடம் மாற்றச் சொன்னது. மாணவர்கள் போராடியும் 2018-ல் கல்லூரி இரண்டாகப் பிரிந்து புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் போனது. ஒன்று கேளம்பாக்கம் பக்கம், இன்னொன்று திருவள்ளூரையும் தாண்டி. இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதிகளோ வாரத்துக்கு 30 மணி நேர வகுப்பும் 70 சதவீத வருகையும் கேட்கின்றன. வகுப்பு காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில்தான் நடக்க வேண்டும். பகலில் வேலைக்குப் போய் இரவில் படிக்க வழியில்லை. ஐந்து வருடம் வீட்டுக்கு வராமல் போகும் சம்பளத்தை எந்தக் கட்டண ரசீதிலும் பார்க்க முடியாது. துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலிக்குப் போகும் தகப்பனுக்கு அந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காதவர்களின் நிலை வேறு. 2014-ல் தனியார் சட்டக் கல்லூரிகள் கூடாது என்று சட்டம் போட்ட தமிழகம், 2018-ல் அவற்றை ஒழுங்குபடுத்தும் சட்டத்துக்கு வந்தது. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் வருடச் செலவு லட்சங்களில் போகிறது. அதற்கான கிளாட் தேர்வின் விண்ணப்பத்துக்கே பொதுப் பிரிவில் 4,000 ரூபாய். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு தந்த 2021 சட்டம் சட்டப் படிப்பையும் சேர்த்தது. அவர்களுடைய கட்டணத்தை அரசே ஏற்கிறது. அதை மனதாரப் பாராட்டுகிறேன். அந்த ஒதுக்கீட்டுக்கு வெளியே நிற்கும் பிள்ளைகளுக்குத்தான் வங்கி.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஐந்து வருடப் படிப்புக்கு ஆண்டுக்கு 80,000 வீதம் 4 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை இல்லை. தனிவட்டி மட்டும் ஏறிக்கொண்டே போகும். அதுவே 1,60,000. ஆக 5,60,000 ரூபாயைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 7,400. ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்கு மத்திய அரசின் வட்டி மானியம் கிடைத்தால்கூட மாதம் 5,300 ரூபாய்க்குப் பக்கம்.

இந்தத் தவணை தொடங்கும் நாளில் அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறான்? தம்பு செட்டித் தெருவில் ஒரு சீனியரின் ஆபீசில். காலையில் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஜார்ஜ் டவுன் கோர்ட்டுக்கு ஓட்டம், சீனியர் வரும்வரை பாஸ் ஓவர் கேட்பது, வாய்தா வாங்குவது, மதியம் நகல் மனு, சாயங்காலம் அபிடவிட் திருத்தம். மாதக் கடைசியில் கையில் கிடைப்பது பல ஆபீசுகளில் பஸ் செலவுக்கும் டீக்கும் சரியாகப் போகும். சில ஆபீசுகளில் அதுவும் இல்லை. படிப்பு முடிந்ததும் கம்பெனியில் சம்பளம் வாங்கும் இன்ஜினீயரை நினைத்துப் போட்ட ஓராண்டு அவகாசத்தை, தனக்கென்று ஒரு கட்சிக்காரர் வரவே மூன்று நான்கு வருடம் பிடிக்கும் தொழிலுக்கும் அப்படியே வைத்திருக்கிறார்கள். என் பேச்சின் சாரமே இந்த முரண்பாடுதான்.

புது வக்கீல்களின் இந்தப் பணச் சுமையை நீதிமன்றங்கள் கவனிக்காமல் இல்லை. வக்கீலாகப் பதிவு செய்வதற்கான கட்டணமாக மாநிலப் பார் கவுன்சில்கள் பல ஆயிரங்களை வாங்கிக்கொண்டிருந்தன. சில இடங்களில் நாற்பதாயிரத்துக்கு மேல். 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம், சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அதற்கு முந்தைய மாதம் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000, மற்ற ஊர்களில் 15,000 தர வேண்டும் என்றது. 750 ரூபாய் உத்தரவு நடைமுறைக்கு வந்தது. 20,000 ரூபாய் உத்தரவைப் பற்றி இந்த அரங்கில் இருக்கும் ஜூனியர்களைக் கேளுங்கள்.

கல்விக் கடன் உயிரையே வாங்கியதையும் தமிழகம் பார்த்திருக்கிறது. 2016 ஜூலையில் மதுரையில் ஒரு பொறியியல் பட்டதாரி, வசூலுக்கு வந்தவர்களின் நெருக்கடிக்குப் பிறகு தற்கொலை செய்துகொண்டார். உயிரை வாங்காவிட்டாலும் கடன் போகும் வழியை மாற்றிவிடும். அமெரிக்காவில் சட்டம் படித்து வெளியே வருபவரின் சராசரிக் கடன் ஒரு லட்சம் டாலருக்கு மேல். ஏழைகளுக்கு வழக்காட விரும்பிய பலர் அங்கே கடனுக்காகப் பெரிய நிறுவனங்களுக்குப் போய்விடுகிறார்கள். நம் பகுதியில் அந்த நிறுவன வேலையும் இல்லை, தொழிலையே விட்டுவிடுகிறார்கள். எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் வழக்கும், கால்வாய் ஓரத்துக் குடிசைகளை அகற்றும் வழக்கும், லாரி மோதிக் கால் போனவரின் இழப்பீட்டு வழக்கும் இந்தப் பகுதியின் நிலைமை தெரிந்த வக்கீலை இழக்கின்றன.

இடம் மாறிய சென்னை சட்டக் கல்லூரி யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ அவரும் கடன் வாங்கிப் படித்தவர். பரோடா உதவித்தொகை முடிந்ததால் 1917-ல் அம்பேத்கர் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். 1920-ல் மறுபடி கப்பலேறியபோது அவர் கையில் ஆசிரியர் வேலையில் சேர்த்த பணமும், கோலாப்பூர் மகாராஜாவின் உதவியும், பார்சி நண்பர் நவல் பதேனா கொடுத்த 5,000 ரூபாய்க் கடனும் இருந்தன. பாரிஸ்டராகத் திரும்பி வந்து பம்பாயில் வழக்காடும் உரிமமான சன்னது எடுக்கவும் பணமில்லை. அப்போதும் பதேனாதான் கொடுத்தார். அது நண்பர் கொடுத்த பணம், வங்கிக் கடன் இல்லை.

வங்கிகளிடம் நாம் கேட்க வேண்டியது சட்டப் பட்டதாரிக்கு மூன்று வருட அவகாசம், அதற்குள் வட்டி ஏறாமல். அரசிடம் கேட்க வேண்டியது வடசென்னைக்குள் ஒரு மாலைநேரச் சட்டக் கல்லூரி. அதற்காகப் பார் கவுன்சில் விதியைத் திருத்தத்தான் வேண்டும். இரண்டுக்கும் மனு எழுதி வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாசலில் கையெழுத்து வாங்குவோம். இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடமும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் தரும் பரிசுத்தொகையை நிறுத்திவிட்டு, இந்தப் பகுதியில் பதிவு செய்யும் ஒரு ஜூனியரின் வங்கித் தவணையை மூன்று வருடம் நீங்களே கட்டுங்கள். மேலே போட்ட கணக்குப்படி வருடத்துக்கு 88,800 ரூபாய் ஆகும். முதல் வருடப் பணத்தை நான் தருகிறேன்.