கண்ட சாட்சியும் காணாத நீதிபதியும்



என்னினும் ஆழக் கற்றோர் வீற்றிருக்கும் இச்சபையில் தலைமைப் பீடத்தை எனக்களித்தமை பெருமையும் சற்றே அச்சமும் தருகிறது. கொலை மேல்முறையீடுகளில் நேரில் கண்ட சாட்சியத்தை எடைபோடும் முறை என்பது இம்மாநாட்டின் பொருள். ஒரு சங்கதியை நிரூபிக்க இத்தனை சாட்சிகள் வேண்டுமென்ற நியதி இல்லை என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 134ஆம் பிரிவு கூறியதும், மாண்டவரின் உறவினர் என்பதாலேயே ஒருவரது சாட்சியம் பழுதாகிவிடாது என்று 1953இல் தலீப் சிங் வழக்கில் நீதியரசர் விவியன் போஸ் தெளிவுறுத்தியதும் தாங்கள் அறிந்தவையே, ஆகவே விரித்துரையேன்.

1957இல் வடிவேலுத் தேவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சிகளை முற்றும் நம்பத்தக்கவர், முற்றும் நம்பத்தகாதவர், இரண்டுமல்லாதார் என மூவகைப்படுத்தியதை மேற்கோள் காட்டாத கொலைத் தீர்ப்பு அரிது. ஆனால் கூண்டில் நிற்பவர் எந்த வகையினர் என்பதை நிர்ணயிப்பது யார்? மதிப்பிற்குரிய நண்பரொருவர், சாட்சியை நேரில் கண்டவர் விசாரணை நீதிபதியே ஆதலால் மேல் நீதிமன்றம் அவர் முடிவுக்கு இணங்குவதே தர்மம் என முன்னொரு கருத்தரங்கில் வாதித்து, 1934ஆம் ஆண்டு ஷியோ ஸ்வரூப் வழக்கின் பிரிவி கவுன்சில் தீர்ப்பைத் துணைக்கழைத்தார். அவர் புலமையை வணங்குகிறேன். எனினும் சாட்சியம் முழுவதையும் தானே மறுபரிசீலனை செய்யும் பூரண அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு என்று அதே தீர்ப்பு கூறும் பகுதியை அவர் ஏனோ வாசிக்காது விட்டார்.

நாம் யாவருமே வாசிக்காது விட்ட பிரிவு வேறொன்றுண்டு. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 363ஆகவும் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் 280ஆகவும் இருந்த அது, விசாரிக்கப்படுகையில் சாட்சியின் தோரணை குறித்து முக்கியமெனத் தோன்றுவதை நீதிபதி எழுதிவைக்க வேண்டும் என்றது. 2023ஆம் ஆண்டுச் சட்டமும் அதனைக் கைவிடவில்லை. ஆனால் மேல்முறையீட்டுக் கட்டுகளைப் புரட்டியவர் அத்தகைய குறிப்பைக் கண்டது எத்தனை முறை? வாக்குமூலமோ பெரும்பாலும் கதைப்போக்கில் பதிவாகிறது. குறுக்கு விசாரணையில், "அந்தச் சந்தில் விளக்கு எரியவில்லை அல்லவா?" என்று வக்கீல் கேட்க, சாட்சி அரசு வக்கீலின் முகத்தைப் பார்த்து, எச்சில் விழுங்கி, "ஆமாம்" என்கிறார், ஏட்டிலோ "சந்தில் விளக்கு எரியவில்லை" என்ற ஒற்றை வாக்கியமே, அவர் தாமே முன்வந்து சொன்னதுபோல், நிற்கிறது.

நேரில் கண்டவர் கண்டதை எழுதாதபோது, மேல் நீதிமன்றம் எதற்குத் தலைவணங்குவது? குறிப்பிருந்தால் அதனை மதிப்போம். இல்லையேல் வெளிச்சம், தூரம், எதிரியோடு முன்பழக்கம், முதல் தகவல் அறிக்கை மாஜிஸ்திரேட்டை அடைந்த நேரம் ஆகியவற்றை மேல் நீதிமன்றமே அச்சமின்றிச் சீர்தூக்குவதுதான் நியாயம். மரண தண்டனையை உறுதிசெய்யுமுன் கூடுதல் சாட்சியம் பெறும் அதிகாரத்தை 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 367ஆம் பிரிவு உயர் நீதிமன்றத்துக்கு அளித்ததும் இக்கருத்தினாலன்றோ?

எனவே, கட்டுரை வாசிக்க வந்திருக்கும் அறிஞர்கள் தீர்ப்புகளோடு நில்லாமல் வாக்குமூலங்களையும் ஆராய வேண்டும் எனவும், செஷன்ஸ் நீதிபதிகள் தாம் கண்டதை அன்றன்றே இரண்டு வரியேனும் எழுதிவைக்க வேண்டும் எனவும் கேட்டுக்கொண்டு, இம்மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.