மலைமண் தந்த தீர்ப்பு

 

அறிஞர் சொல்லுக்கும் ஆயர் சொல்லுக்கும் ஒருகால் வழக்கு நேர்ந்தது. தீர்ப்பு வழங்கியது மண். அவ்வழக்கையே இன்று உங்கள்முன் எடுத்துரைக்க வந்துள்ளேன்.

1986-ஆம் ஆண்டு ஏப்பிரல் 26 அன்று உக்ரேனிலுள்ள செர்னோபில் அணுவுலைகளுள் நான்காவது வெடித்துச் சிதறியது. அதன் நச்சுத்துகள் காற்றேறி, ஈராயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள பிரித்தானியத் தீவை அடைந்தது. மே முதற் கிழமையில் அங்குப் பெருமழை. வடவேல்சு, கும்பிரியா, இசுக்காட்லாந்து மலைகளில் கதிரியக்கச் சீசியம் மழையோடு மண்ணில் இறங்கிற்று.

அஞ்ச வேண்டா என்றனர் ஆட்சியாளர். சூன் 20-இல் ஆடுகளைப் பெயர்க்கவும் அறுக்கவும் தடை போட்டபோதும், அது மூன்று கிழமைக்கே என்றனர்.

கணக்கு ஏன் பிழைத்தது? அவர்கள் கருத்திற் கொண்டது தாழ்நிலக் களிமண்ணை. களியின் நுண்ணடுக்குகள் சீசியத்தை இறுகப் பற்றும், வேருக்கு விடா. மலைமண்ணோ வேறு. புல்லும் பாசியும் மட்கிச் சேர்ந்த, களி குறைந்த, புளிப்பேறிய ஈரமண் அது. அங்குச் சீசியம் கட்டுண்ணாமல் வேரருகே உலவும். செடிக்கு உணவாகும் பொட்டாசியத்தை ஒத்த இயல்பினதாகலின், புல் அதனை உறிஞ்சும். ஆடு புல்லை மேயும். புழுக்கை வழியே அது மீண்டும் மண்ணைச் சேரும். சீசியம்-137 பாதியாகக் குறையவே 30 ஆண்டுகள் ஆகுமன்றோ!

நஞ்சை அடக்க, ஒருவகைக் களித்தூளைத் தூவி, வேலியடைத்த நிலத்தில் ஆடுகளை விட்டு ஆய்ந்தனர் அறிஞர். திறந்த மலையில் மேய்ந்து பழகிய ஆடு அடைப்புக்குள் நலிந்துபோகும். ஆய்வு பொருந்தாது என்றனர் கும்பிரிய ஆயர். செவிகொடுப்பார் இல்லை. பின்னர் அவ்வாய்வு ஓசையின்றிக் கைவிடப்பட்டது.

ஏறத்தாழ 9,700 பண்ணைகள், 42 இலக்கம் ஆடுகள் தடைக்கு உட்பட்டன. ஒரு கிலோ இறைச்சியில் 1,000 பெக்கரலுக்கு மேற்பட்டால் அது உணவுக்கு ஆகாது என்பது அன்றைய விதி. ஆண்டெல்லாம் பாடுபட்டு வளர்த்த குட்டியை விற்கவும் முடியாமல், வைத்துத் தீனி போடவும் முடியாமல் ஆயர் திகைத்தனர். வேல்சிலும் கும்பிரியாவிலும் இறுதித் தடை நீங்கியது 2012 சூன் 1-இல்! மூன்று கிழமை ஏறத்தாழ 26 ஆண்டுகளாக நீண்டது.

அறிவியலைப் பழிக்க வந்தேன் அல்லேன். மலைமண்ணின் இயல்பை விளக்கியதும் அறிவியலே. ஆயினும், மண்ணில் வாழ்வாரைக் கேளாத அறிவு அரையறிவே. இனி எவரேனும் தீங்கில்லை என்று உறுதி கூறின், எந்த மண்ணை அளந்து கூறுகின்றீர் என்று முதலிற் கேளுங்கள். அக்கேள்வி நம் உரிமை. நம் கடமையும் அதுவே.