திரட்டலும் தண்டலும்



ஆங்கிலத்திலே ‘கலெக்ட்’ என்றொரு சிறு சொல் வழங்குகிறது. ‘ஒன்றுசேர்த்தல்’ என்று அகராதி எளிதிற் பொருள் கூறிவிடும். மொழிபெயர்ப்பாளன் எழுதுகோலை எடுத்ததும் அவ்வெளிமை மறைந்துவிடுகிறது. வரியானால் தண்டுகிறோம், கடனானால் வசூலிக்கிறோம், மலரானால் கொய்கிறோம், சுள்ளியானால் பொறுக்குகிறோம், நன்கொடையானால் திரட்டுகிறோம், பாடலானால் தொகுக்கிறோம். பள்ளத்திலே நீர் தேங்குகிறது. தெருவிலே கூட்டம் கூடுகிறது. அங்கே ஒரு சொல் செய்யும் பணியை இங்கே எட்டுச் சொற்கள் பகிர்ந்துகொள்கின்றன.

எனினும், ஒரு சொல் பல பொருள் தாங்குவது நமக்குப் புதிதன்று. ‘தொகை’ என்பதையே பாருங்கள். எட்டுத்தொகையில் அது நூற்றிரட்டு. கணக்கேட்டில் அது பணம். இலக்கணத்தில், உருபு மறைந்து சொற்கள் இணைந்து நிற்கும் நிலை. இடம் நோக்கியே பொருள் கொள்கிறோம்.

இச்சொல்லிற் பிறந்த ‘கலெக்டர்’ என்னும் பதவிப் பெயரின் வரலாறு சுவையானது. 1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் வங்காளத்திலே நிலவரி தண்டுவதற்கென ஏற்பட்ட பதவி அது. நாளடைவில் நிருவாகமும் அவர் கைக்கு வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. தமிழில் நாம் ‘ஆட்சியர்’ என்கிறோம். பீகாரிலோ ‘சமாஹர்த்தா’ என்பர். வருவாயைத் திரட்டும் அதிகாரியைக் கௌடிலியர் அழைத்த பெயர் அது. ஒரு மொழி ஆளுகையைக் கண்டது. மற்றொன்று திரட்டுதலைக் கண்டது. 1810 முதல் சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிஸ் வரியோடு சொற்களையும் திரட்டினார். தமிழும் தெலுங்கும் ஓரினத்தவை என்பதை 1816-இல் எடுத்துக்காட்டினார்.

அவ்விரு மொழிகளும் கலந்து வழங்கும் எல்லைப்புறத்தில் உள்ளது வரதய்யபாளையம். அதனை அடுத்த சத்தியவேட்டுப் பகுதி 1960 வரை செங்கற்பட்டுக் கலெக்டரின் ஆளுகையில் இருந்தது. அவ்வாண்டு சித்தூருடன் சேர்ந்தது. 2022-இல் திருப்பதி மாவட்டத்துள் அமைந்தது. மாவட்டம் மாறினும் ‘கலெக்டர்’ என்ற சொல் இரு மொழியினர் நாவிலும் நிலைத்துவிட்டது.

இங்கேதான் மொழிபெயர்ப்பு வெறும் சொல்விளையாட்டன்று என்பது விளங்கும். 2008-இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி தொழில்நகரம் இவ்வட்டாரத்திலேயே விரிந்துள்ளது. தொழில் பெருகும் ஊரில் நிலத்தைப் பற்றிய அறிவிப்புகளும் பெருகும். அரசு நிலம் எடுப்பதைத் தெலுங்கில் ‘பூசேகரண’ என்பர். தமிழ் மட்டுமே அறிந்த உழவர் ‘சேகரம்’ என்று கேட்டால், சேமிப்பு என்றே எண்ணக்கூடும். சேர்வது ஒருவருக்கு, நிலம் கைவிட்டுப் போவது மற்றொருவருக்கு. ‘நிலம் கையகப்படுத்துதல்’ என்று தமிழிற் கூறினால் ஐயத்துக்கு இடமில்லை. 2013-ஆம் ஆண்டு நிலச் சட்டம், முதனிலை அறிவிப்பை ஊராட்சியிலே அவ்வட்டார மொழியில் வெளியிட வேண்டுமென விதிக்கிறது. அறிவிப்பு வெளியான அறுபது நாளுக்குள் நிலத்துக்குரியவர் தம் மறுப்பைக் கலெக்டரிடம் எழுத்தில் தெரிவிக்கலாம். பொருள் விளங்காதவனுக்கு அந்த அறுபது நாளும் வீண்நாளே.

பிற மாநிலங்களில் வாழும் அன்பர்களே! அங்குள்ள அரசுத் தாளில் பழகிய சொல் போன்ற ஒன்றைக் கண்டால், தெரிந்த சொல்தானே என்று கையொப்பமிட வேண்டாம். திரட்டப்படுவது எது, யாரிடமிருந்து, யாருக்காக என்று மூன்று வினாக்களைக் கேளுங்கள். விடை கிடைத்தபின் எழுதுகோலை எடுங்கள்.