இடித்த கையும் காத்த கையும்

எங்கள் வாடிப்பட்டிப் பகுதியிலிருந்து மதுரைக்குச் சுற்றுலாச் செல்லும் பிள்ளைகள் திருமலை நாயக்கர் மகாலைக் காணாது திரும்புவதில்லை. அதன் பெருந்தூண்களைக் கட்டிப் பிடிக்க முயன்று, கை எட்டாமல் வியந்து நிற்பர். ஆயினும், தாம் காண்பது முழு அரண்மனையன்று என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

1636ஆம் ஆண்டில் எழுந்த அம்மாளிகையில் இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. அதைக் குலைத்தோருள் முதல்வர் பகைவரல்லர். திருமலை நாயக்கரின் பேரர் சொக்கநாத நாயக்கரே! தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது, அழகிய பகுதிகளைப் பெயர்த்தெடுத்துச் சென்றார் என்பர். எஞ்சியதைப் பழுதுபார்க்க முனைந்தவரோ, 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு. பின்னர் நீதிமன்றங்கள் அங்கு நெடுங்காலம் நடைபெற்றன. இன்று அரசின் தொல்லியல் துறை அதனைப் பேணி வருகின்றது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? உரியவர் என்பதால் ஒருவர் காவலராகிவிடார். அயலார் என்பதால் அழிப்பவராகிவிடார். பேணுகின்றவரே உரியவர்.

அத்தூண்களின் வழவழப்பு சுண்ணச் சாந்துப் பூச்சினால் அமைந்தது. அதன்மீது ஆணியால் தம் பெயரைக் கீறிச் செல்வோர் இன்றும் உளர். சொக்கநாதருக்கேனும் வேறோரிடத்தில் மாளிகை எழுப்பும் நோக்கம் இருந்தது. இவர்களுக்கு என்ன நோக்கம் உண்டு? நீங்கள் செல்லும்போது கண்ணால் தொடுங்கள்; உங்கள் பெயரை உங்கள் செயலில் பொறியுங்கள்.