நாகபுரிக் கரிசலில் நம் மல்லிகை

(சங்கத்தின் மார்கழித் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குறளும் கம்பனும் முழங்கிய இம்மேடையில் மல்லிகைச் செடியைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்திருக்கிறார் செயலாளர். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இருப்புப்பாதை அலுவலகத்தில் பேரேடு எழுதிக் காலங் கழிக்கும் எம் போன்றோர் இலக்கியம் பேசினால் கேட்போர் பாடு திண்டாட்டமாகிவிடும் என்று அவர் அஞ்சினார் போலும். அந்த அச்சம் நியாயமானதே. ஆகவே செடிக்கே வருகிறோம்.

நம் குடியிருப்பில் துளசி இல்லாத வீடில்லை. கறிவேப்பிலை இல்லாத வரிசையில்லை. மல்லிகை மட்டும் வருகிறது, போகிறது. ஆண்டுதோறும் கோடை விடுமுறைக்கு ஊர் சென்று திரும்புகையில் யாரேனும் ஒருவர் கன்றை ஈரத்துணியிற் சுற்றி, கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியில் மடியில் வைத்துக் காத்துக் கொணர்கிறார். ஆனியில் மழை இறங்குகிறது. ஆவணியில் இலை மஞ்சளிக்கிறது. புரட்டாசி பிறக்கையில் குழியில் ஒரு குச்சி மட்டும் நிற்கிறது. "இந்த ஊர் மண்ணுக்கு மல்லிகை வராது" என்று தாய்மார்கள் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

எம் வரிசையின் கடைசி வீட்டில் மகனோடு வாழும் மூதாட்டி ஒருவர் உண்டு. சிறுவர் முதல் பெரியவர் வரை எல்லோருக்கும் அவர் பெரியம்மாதான். மூன்று கன்றுகள் அடுத்தடுத்து மடிந்தபின் அவர், "என் கை ராசியில்லாத கை. இனிமேல் நான் செடி தொடமாட்டேன்" என்றார். அவர் கணவரை இழந்தவர். அச்சொல் செடியை மட்டும் குறித்ததன்று என்பதை அருகிலிருந்தோர் யாவரும் உணர்ந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் அந்த மூன்றாவது செடியைப் பிடுங்கிப் பார்த்தோம். வேர்கள் கறுத்து, விரலால் தொட்டவுடன் தோல் உரிந்து, அழுகல் வாடை வீசின. செடி நீரிலே மூச்சு முட்டி மாண்டிருந்தது. கைராசிக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இதைச் சற்று விளக்க வேண்டும். இந்நகரின் மண் கரிசல். பருத்திக்கு ஏற்ற இம்மண் மழை பெய்தால் ஊதிப் பருத்துத் தன் துளைகளையெல்லாம் அடைத்துக் கொள்கிறது. நீர் கீழே இறங்குவதில்லை. காற்றும் வேருக்குச் செல்வதில்லை. கோடையிலோ அதே மண் சுருங்கி வெடித்து, நுண்ணிய வேர்களை அறுத்துவிடுகிறது. நாம் கொண்டுவரும் கன்று எங்கே பிறந்தது? நம் நாட்டு மல்லிக் கன்றுகளிற் பெரும்பகுதி இராமேசுவரத்தை அடுத்த தங்கச்சிமடத்தில், கடலோர மணலில் வேர்விட்டு வருபவை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கும் அங்கிருந்தே கன்றுகள் செல்கின்றன. மணலில் கால் நீட்டி வளர்ந்த செடியைக் களிமண்ணில் புதைத்தால் அது என்ன செய்யும்?

ஆயினும் இவ்வூரில் மல்லிகை வராது என்பது பொருந்தாது. சித்திரை மாதத்தில் கடைத்தெருவில் 'மோக்ரா' என்று சரம் சரமாக விற்கிறார்களே, அது நம் குண்டுமல்லியேயன்றி வேறன்று. கடல் கடந்த பிலிப்பைன்சு நாட்டார் இதே மலரை 1934-இல் தங்கள் தேசிய மலராக ஏற்றுக்கொண்டனர். ஊருக்கு ஊர் செடி மாறுவதில்லை. நடும் முறைதான் மாற வேண்டும்.

முதலாவதாக, இங்கே பள்ளத்தில் நடலாகாது; மேட்டில் நட வேண்டும். ஒன்றரை அடி ஆழமும் அகலமும் உள்ள குழி எடுத்து, அடியில் உடைந்த செங்கல்லை நான்கு விரற்கடை உயரம் பரப்புங்கள். எடுத்த கரிசலில் இரண்டு பங்கு, ஆற்று மணலோ சரளையோ இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு எனக் கலந்து நிரப்புங்கள். தரைக்கு மேலும் முக்கால் அடி உயர்த்தி மேடாக்கி, அதன் தலையில் கன்றை வையுங்கள். மழைநீர் ஓடிவிடச் சிறு வாய்க்கால் ஒன்றும் வேண்டும். நீராவி எஞ்சின்கள் ஓடிய நாளில் ஷெட்டிலிருந்து நிலக்கரிக் கசடு கொணர்ந்து மண்ணில் கலப்பார்கள் என்று ஓய்வுபெற்ற பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த எஞ்சின்கள் போயின, கசடும் போயிற்று. செங்கல் சல்லி போதும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடமாகப் பாருங்கள். வேப்பமர நிழலில் வைத்துவிட்டுப் பூக்கவில்லையே என்று வருந்துவது வீண்.

கன்று வாங்குவதிலும் ஒரு சொல். இங்குள்ள நாற்றங்கால்களில் ரோசாவைப்போல் அடுக்கடுக்காக இதழ் நெருங்கிய வகையைக் காட்டி ஆசை மூட்டுவார்கள். பார்க்க அழகு, மணமும் உண்டு. ஆனால் பூ அளவாகத்தான் வரும், தொடுப்பதற்கும் இசையாது. சரம் வேண்டுவோர் எளிய குண்டுமல்லியையே கேட்டு வாங்குக.

இனி வெட்டுதல். தாய்மார்கள் மனம் நோகுமிடம் இதுவே. பச்சைப் பசேலென்று நிற்கும் செடியில் கத்தரி வைக்க அவர்களுக்குக் கை எழுவதில்லை. "வளர்ந்த பிள்ளையின் கையை வெட்டுவதா?" என்று எம் இல்லத்திலேயே கேட்டார்கள். மல்லிகையோ பழைய கிளையில் பூப்பதன்று. புதிதாகத் துளிர்க்கும் கிளையின் நுனியிலேதான் அரும்பு கட்டுகிறது. வெட்டாத செடியில் புதுத் துளிர் குறையும். துளிர் குறைந்தால் பூவும் குறையும். தமிழ்நாட்டில் குண்டுமல்லியை நவம்பர்க் கடைசி வாரத்தில் வெட்டுகிறார்கள். இங்கே அப்போது வெட்டினால் வருகிற இளந்துளிர் மார்கழிக் குளிரில் விறைத்து நின்றுவிடுகிறது. ஆதலின் நாங்கள் பொங்கல் கழிந்த வாரத்தில் வெட்டுகிறோம். அதற்கு இரண்டு வாரம் முன்பே நீரை நிறுத்திவிடுவோம். இலை வாடும், சில உதிரும். அஞ்ச வேண்டுவதில்லை, செடி உறங்கப் போகிறது. பின்னர்த் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு எல்லாக் கிளைகளையும் ஒட்ட வெட்டி, காய்ந்ததையும் நோயுற்றதையும் அடியோடு களைந்து, எஞ்சிய இலைகளையும் உருவிவிடுகிறோம். வேர் அறாதபடி மேல்மண்ணைக் கொத்தி இரண்டு மூன்று நாள் ஆறவிட்டு, வளர்ந்த செடியாயின் தொழு உரம் 10 கிலோவும் வேப்பம் பிண்ணாக்குக் கால் கிலோவும் இட்டு, அன்றைக்குத்தான் வயிறார நீர் விடுகிறோம். மாசி பிறக்கையில் துளிர் வெடிக்கும். பங்குனிக் கடைசியில் அரும்பு தெரியும். முதற் பூப்பு முடிந்ததும் பூத்த நுனிகளை இரண்டு கணு இறக்கிக் கிள்ளிவிட்டால் அடுத்த பூப்பு விரைந்து வரும்.

பெரியம்மா வீட்டில் மேடு கட்டி நட்ட செடி இப்போது ஐந்தாம் ஆண்டாக நிற்கிறது. அதை ஆண்டுதோறும் வெட்டுபவர் அவரே; கத்தரியை வேறொருவரிடம் கொடுப்பதில்லை. பூக்காலத்தில் மாலை ஐந்து மணிக்கு வரிசைப் பெண்குழந்தைகள் அவர் வாசலில் கூடிவிடுகிறார்கள்.

உரம் இடுவதில் நம்மவர்க்கு யூரியாவின் மேல் ஒரு மோகம். அதை அளவின்றி இட்டால் இலை வெற்றிலைபோல் விரியும், பூ வராது. குறிப்பாக இலை மஞ்சளித்தவுடன் யூரியா போடுவது பெரும்பாலும் பயனற்ற செலவு. மஞ்சளிப்பதிலும் வேறுபாடு உண்டு. இளந்துளிரில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி வெளுத்தும் இருந்தால் அது இரும்புச் சத்துக் குறை. கரிசலில் சுண்ணாம்பு மிகுதி. மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுத்துக்கொள்ள முடிவதில்லை. நாகபுரி ஆரஞ்சுத் தோட்டங்களிலும் இக்குறை காணப்படுவதே. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டாலே கிடைக்கும். ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் கரைத்து, மாலை வேளையில் இலைமேல் தெளித்து, பதினைந்து நாளுக்கொரு முறை மீண்டும் செய்தால் துளிர் பச்சை பிடிக்கும். மழைக்காலத்தில் முதிர்ந்த இலையும் இளைய இலையும் ஒருங்கே மஞ்சளித்துத் தொங்கினால் கதை வேறு: வேரில் நீர் தேங்கியிருக்கிறது. அப்போது உரத்தை மறந்துவிட்டு வாய்க்காலை வெட்டுங்கள்.

வெயில் 45 பாகையைத் தொடும் மே மாதத்தில் மேட்டுச் செடிக்கு நாள்தோறும் நீர் வேண்டும், விடியற்காலையே ஏற்றது. குழாயில் நீர் வரும் நேரம் நாம் அறிந்ததே. அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் செடிக்கு ஏற்கும். கூலர்த் தொட்டியின் அடியில் தங்கும் நீரை மட்டும் தவிருங்கள். அது பல நாள் ஆவியாகி ஆவியாகி உப்பு ஏறிய நீர். ஏற்கெனவே உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த மண்ணில் அதையும் சேர்ப்பது தகாது. காய்ந்த இலைகளை மேட்டின்மேல் மூடாக்காகப் பரப்பினால் ஈரம் நிற்கும். மாடி வீட்டார் பன்னிரண்டு அங்குலத்திற்குக் குறையாத தொட்டியில், அடியில் துளையிட்டு, இரண்டு செங்கல்லின்மேல் ஏற்றி வைத்து வளர்க்கலாம். கோடையில் அதற்கு இரு வேளை நீர் தேவைப்படும்.

பூச்சிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அரும்பு துளைபட்டு ஊதாநிறம் கொண்டு வாடினால் மொட்டுப்புழு. அத்தகைய அரும்புகளைப் பறித்து நெருப்பிலிடுக. இலையின் அடியில் நூலாம்படை போன்று கண்டால் சிலந்திப்பேன். இலையின் பின்புறம் படும்படி நீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். அதற்கு மேலும் தேவையெனில் லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் தெளிக்கலாம். கடை நஞ்சுகளை வீட்டு மல்லிகைக்கு நாங்கள் ஒப்புவதில்லை. குழந்தைகள் தலையில் சூடும் பூ அது.

இன்னும் ஒன்றே உள்ளது. நம் வாழ்வு மாற்றல் உத்தரவுகளால் ஆன வாழ்வு. செடி நன்றாகப் பூக்கும் ஆண்டில் உத்தரவு வரும். ஐந்தாறு ஆண்டு வேரோடிய செடியைப் பெயர்த்துச் செல்ல இயலாது. அடுத்து வருபவர் பூவை விரும்புவாரோ, ஸ்கூட்டர் நிறுத்த இடம் வேண்டுமென்று வெட்டுவாரோ யார் அறிவார்? நம் வீட்டு மல்லிகை விதையால் பெருகுவதன்று. அதன் கிளையே அதன் வாரிசு. ஆகவே ஆனியில் முதல் மழை விழுந்ததும், தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, கணுவின் அடியில் தோலைச் சிறிது சீவி, மண் நிரப்பிய சிறு தொட்டியில் அமிழ்த்தி மேலே ஒரு கல்லை வைத்துவிடுங்கள். ஐப்பசிக்குள் வேர் பிடித்துவிடும். தாயிலிருந்து அறுத்துவிட்டால் அது தனிச் செடி. உத்தரவு வந்தால் தொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியேறலாம். உத்தரவு வராத ஆண்டில் அண்டை வீட்டுக்குக் கொடுக்கலாம்.

பெரியம்மாவின் செடியிலிருந்து சென்ற ஆனியில் போட்ட பதியங்களில் ஏழு வேர் பிடித்துள்ளன. இரண்டு, இவ்வாண்டு புதிதாக வந்த இரு குடும்பத்தாருக்கென்று அவர் ஒதுக்கிவைத்திருக்கிறார். எஞ்சிய ஐந்தை வேண்டுவோர் பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு அவர் வீட்டு வாசலுக்கு வாருங்கள். அன்றைக்கே அவர் செடியை வெட்டப் போகிறார்; வெட்டும் முறையையும் நேரில் காணலாம். தொட்டியும் மணலும் அவரவர் கொண்டுவர வேண்டும்.